கரும்புள்ளி பழமைக்குச் சான்று இல்லை

"முகம் பார்க்கும் கண்ணாடியில் கரும்புள்ளி இருந்தால் நூறு வருஷப் பழசு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிப் பணத்தை இறக்காதீர்கள். புள்ளி விழக் காரணம் ஈரமும் காற்றும் கண்ணாடியின் பின்பக்கப் பூச்சை அரிப்பதுதான். குளியலறையில் மாட்டிய சாதாரணக் கண்ணாடியிலேயே சில வருஷங்களில் ஓரம் கறுத்துவிடும். அமிலம் தடவி ஒரே மதியத்தில் புள்ளி வரவைப்பவர்களும் உண்டு.

பழசா என்று பார்க்க, கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரைகூட தகரமும் பாதரசமும் கலந்த பூச்சு புழக்கத்தில் இருந்தது. அதில் பெயின்ட் இருக்காது, சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும். 1835-ல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்டுபிடித்த வெள்ளிப் பூச்சின் வழி வந்தவற்றில் பெரும்பாலும் மேலே பாதுகாப்புக்குப் பெயின்ட் அடித்திருக்கும். பாதரசப் பூச்சு என்று தோன்றினால் சுரண்டிப் பார்க்க வேண்டாம், அது நஞ்சு.

அப்புறம், கண்ணாடியில் நகத்தை வைத்து, நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து வயது சொல்லும் சோதனை. அது கண்ணாடியின் தடிமனைத்தான் காட்டும், வயதை அல்ல. கேரளத்தின் ஆரன்முளைக் கண்ணாடியில் இடைவெளியே தெரியாது, ஏனென்றால் அது உலோகம், மேற்பரப்பே பிரதிபலிக்கிறது. நேற்று செய்ததிலும் அப்படித்தான்.

காரைக்குடியில் விற்பவர் 'பெல்ஜியம் கண்ணாடி', அதாவது அங்கிருந்து வந்த பழைய கண்ணாடி, என்று சொன்னாலும் சட்டத்தின் மரத்தையும் ஆணிகளையும் பார்த்துவிட்டே விலை பேசுங்கள். புதுப் பூச்சு போட்டால் மதிப்பு கூடும் என்பதும் தவறு, பழம்பொருள் சேகரிப்பவர்கள் பொதுவாக மூலப் பூச்சுக்குத்தான் அதிக விலை தருவார்கள்.