உடையிற சாமான்

ரெண்டு நாளா ஒண்ணும் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். அப்பா வேற "நீ பாட்டுக்கு பேஸ்புக்ல எதையாவது எழுதி வச்சிராதடா, ஊருக்குள்ள நாங்கதான் இருக்கணும்"னு சொல்லிட்டாரு. ஆனா எங்க ஊரு கோயில் கமிட்டியோட ஞாயித்துக்கிழமை மீட்டிங் வீடியோவ இதுவரைக்கும் பதினோரு பேரு எனக்கு அனுப்பிட்டீங்க. அதுல ரெண்டு பேரு சிரிக்கிற பொம்மை வேற போட்டு அனுப்பிருக்கீங்க. பாத்துட்டேன், போதும், இனிமே அனுப்பாதீங்க.

பேரு எதையும் போடல. ஊரு பேரும் போடல. பாத்தவங்களுக்குத் தெரியும், பாக்காதவங்களுக்குத் தேவையில்ல.

அய்யனாரு கோயிலுக்கு வருசா வருசம் மண்ணுல செஞ்சு நேந்து விடுற புரவிக்கு, அதான் குதிரைக்கு, பதிலா சிமெண்ட்ல குதிரை செய்யப் போறாய்ங்களாம். அதுக்கு "நிரந்தரப் புரவி"ன்னு பேராம். ஒரே தடவ செலவு பண்ணி கோயில் வாசல்ல நிறுத்திட்டா இனி வருசா வருசம் புரவி செய்ய வேண்டியதில்ல, திருவிழா அன்னைக்கு அதுக்கே ஒரு மாலையப் போட்டு துண்டக் கட்டி முடிச்சுக்கலாமாம். சரி, காசு இருக்கு, செய்றீங்க. இதக்கூட நான் ஜீரணிச்சுக்குவேன். ஆனா கடைசியில ஒரு அண்ணன் மைக்க வாங்கி ஒண்ணு சொன்னாரு பாருங்க, "வருசா வருசம் உடையிற சாமானுக்குப் போயி காசக் கொட்டணுமா"ன்னு. அதுக்கு அம்புட்டுப் பேரும் கை தட்டுனாய்ங்க.

அந்த உடையிற சாமானத்தான் எங்கப்பா நாப்பது வருசமா செய்றாரு.

சரி, கோவப்படாம பேசுவோம்.

மொதல்ல இந்தத் திருவிழா பேரப் பாருங்க. புரவி எடுப்பு. புரவி வைப்புன்னு நம்ம பக்கம் யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? எடுக்கணும்யா. ஊரு கூடி பிடிமண் எடுக்கணும், கம்மாயில மண்ணு எடுக்கணும், வேளாரு, அதாவது மண்பாண்டம் செய்ற எங்க ஆளுங்க, உருவம் எடுக்கணும், அப்புறம் அத கம்புல கட்டி தோள்ல எடுத்துட்டுப் போயி அய்யனாருகிட்ட விடணும். இந்த எடுக்குறதுதான் திருவிழா. குதிரை அதுல ஒரு பங்கு, அம்புட்டுதான். மழை பெய்யணும்னு ஒருத்தர் வேண்டிருப்பாரு, புள்ள வேணும்னு ஒருத்தி வேண்டிருப்பா, மாட்டுக்கு வந்த சீக்கு போனா சரின்னு ஒருத்தர் மாட்டு மதலை (மண்ணுல செஞ்ச மாட்டு உருவம்) நேந்திருப்பாரு. அந்த வருசத்து வேண்டுதலுக்கு அந்த வருசத்துக் குதிரை. போன வருசத்துக் குதிரை மேல இந்த வருச நேர்த்திக்கடன எப்படி ஏத்துவீங்க? பழைய பஸ் டிக்கெட்டக் காட்டி புதுசா ஏறுற மாதிரி இருக்கு.

சென்னை நண்பர்களுக்கு பிடிமண்ணுன்னா என்னன்னு தெரியாது, அதனால ஒரு வார்த்தை. திருவிழாவுக்கு ஒண்ணரை மாசம் இருக்கும்போது நல்ல நாள் பாத்து ஊரு பெரியவங்க, சாமியாடி எல்லாரும் மேளத்தோட கோயிலுக்கு வருவாங்க. அங்க ஒரு பிடி மண்ண அள்ளி, வெத்தல பாக்கு, தேங்கா, முன்பணம் எல்லாத்தோடயும் வேளார் கையில குடுப்பாங்க. வேளாரு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் வாங்குவாரு. அந்த ஒரு பிடி மண்ணுதான் உத்தரவு. அத கம்மாய் மண்ணோட கலந்ததுக்கு அப்புறந்தான் அது குதிரை மண்ணு. அதுக்கு முன்னாடி வரைக்கும் வெறும் களிமண்ணு, சட்டி பானைக்கு ஆகும்.

அந்த மண்ண எங்கப்பா எப்படி வேலை பாப்பாருன்னு மைக்குல பேசுன அண்ணன் ஒரு நாளாச்சும் வந்து உக்காந்து பாத்திருக்காரா? காஞ்ச மண்ணு கட்டிய ஒடச்சு, தண்ணி விட்டு ஊறப் போட்டு, மணலு, உமி கலந்து காலால மிதிக்கணும். சும்மா மிதிக்கிறது இல்ல, ஓரத்துல இருந்து சுத்திச் சுத்தி நடுவுக்கு வரணும், குதிகாலுல ஒரு சின்னக் கல்லு தட்டுப்பட்டாலும் நிறுத்தி குனிஞ்சு எடுத்து வீசணும். அந்தக் கல்லு உள்ள இருந்தா சூளையில வெடிச்சிரும். அப்புறம் மொதல்ல நாலு காலு. உள்ள பொள்ளலா, தூணு மாதிரி. அது கொஞ்சம் இறுகுனாத்தான் மேல வயிறு வைக்க முடியும். ஒரு நாளைக்கு ஒரு சாணுதான் ஏத்துவாரு, அதுக்கு மேல ஏத்துனா ஈரமண்ணு பாரம் தாங்காம உக்காந்துரும். உள்பக்கம் இடது கையில ஒரு உருண்டைக் கல்லு, வெளிப்பக்கம் வலது கையில தட்டுப்பலகை, ரெண்டுக்கும் நடுவுல மண்ணு. டப் டப் டப்னு அந்தச் சத்தம் எங்க வீட்டுல வைகாசி பொறந்தா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கேக்கும். அந்தச் சத்தத்துலதான் நான் தூங்குனேன், அந்தச் சத்தத்துலதான் பள்ளிக்கூடப் பாடம் படிச்சேன். கடைசியா கழுத்து, தலை, காது. திருவிழா அன்னைக்குத்தான் கண்ணு. கண்ணத் திறக்குற வரைக்கும் அது மேல நாங்க துண்டு கூட காயப்போடுவோம், கண்ணத் திறந்துட்டா எங்கப்பாவே செருப்பக் கழட்டிட்டுத்தான் கிட்ட போவாரு. தான் செஞ்ச குதிரைக்கு முன்னாடி தானே கும்பிட்டு நிப்பாரு.

இதுக்குப் பேரு உடையிற சாமான்.

உடையும்தான். யாரு இல்லன்னா? உடையணும்னுதான் அது மண்ணுல செய்யிறது. கோயில் காட்டுக்குள்ள போனா மரத்தடியில வரிசை வரிசையா நிக்குமே பழைய குதிரைங்க, காது போயி, காலு போயி, வயித்துக்குள்ள புல்லு மொளச்சு, அத யாராச்சும் கூட்டித் தள்ளிருக்காங்களா? மழையும் வெயிலும் பாத்துக்கிரும். நேத்துக் குதிரை மண்ணானாத்தான் நாளைக்குக் குதிரைக்கு வேலை. சிமெண்டு உடையாதாங்கிறீங்க. உடையும்ணே. உள்ள வச்ச கம்பி துருப்பிடிக்கும், வெடிப்பு விடும், மூக்கு பேந்து கம்பி நீட்டிக்கிட்டு நிக்கும், அப்ப அது மண்ணாவும் போகாது, குதிரையாவும் இருக்காது. அத எங்க கொண்டு போய்ப் போடுவீங்க?

உடனே வந்துருவீங்க தெரியும், "பல கோயில்ல பெரிய சுதைக் குதிரை வாசல்ல நிக்குதே, அது மட்டும் சரியா"ன்னு. நிக்குது. அது சாமிக்குக் காவலா வாசல்ல நிக்கிற குதிரை. நாம பேசுறது நேந்து விடுற குதிரை. வாட்ச்மேனும் விருந்தாளியும் ஒண்ணா? சுதைக் குதிரை நிக்கிற கோயில்லயே அதுக்குப் பின்னாடி போயி பாருங்க, மண்ணுக் குதிரையும் நிக்கும்.

அடுத்தது "செலவு". இதுக்கு எனக்கு சிரிப்புதான் வருது. அந்த சிமெண்டுக் குதிரைக்கு எஸ்டிமேட் வீடியோவுலயே சொல்றாய்ங்க, மூணரை லட்சம். கிரானைட் கல்வெட்டு தனி. உபயம் பண்றவங்க சிங்கப்பூர்ல இருக்காங்க, நல்ல மனுசங்க, அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா போன வருசம் எங்கப்பாவுக்கு ஒரு அரண்மனைப் புரவிக்கு (அரண்மனை பேர்ல விடுற குதிரை) குடுத்த கூலியில அந்தக் கல்வெட்டுல பேரு வெட்டக்கூட ஆள் வர மாட்டாங்க. அதுலயும் பாக்கி இருக்கு. எவ்வளவு பாக்கின்னு எழுதல, அப்பா அசிங்கப்படுவாரு.

இன்னொண்ணு. பக்கத்துல மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப "நம்ம மாவட்டத்துக்குப் பெருமை"ன்னு ஸ்டேட்டஸ் வச்சது யாருன்னு நினைக்கிறீங்க? அதே மைக்கு அண்ணன்தான். என்கிட்ட ஸ்கிரீன்ஷாட் இருக்கு. ஆவணி பொறந்துட்டா போதும், நம்ம குரூப்புல "பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டாம், களிமண் பிள்ளையார் வாங்குவோம், குளத்தைக் காப்போம்"னு பார்வர்டு வந்து விழும். நல்லதுதான், 2020-லயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாதுன்னு சொல்லிருச்சு, 2023-ல அது கோர்ட்டு கோர்ட்டா சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் வந்துச்சு. அப்ப பிள்ளையாருன்னா மண்ணு புனிதம், கரையணும். அய்யனாரு குதிரைன்னா மண்ணு தண்டச்செலவு, நிரந்தரமா இருக்கணும். அண்ணன் தம்பிக்குள்ள இப்படி ஒரு சட்டமா? டெல்லியில கைவினை அருங்காட்சியகத்துல நம்ம அய்யனார் குதிரைய நிறுத்தி வச்சிருக்காங்க, முட்டுக்காடு தட்சிணசித்ராவுல டிக்கெட்டு எடுத்துப் போயி பக்கத்துல நின்னு செல்பி எடுக்குறீங்க. புதுச்சேரி வில்லியனூர்ல சுடுமண் சிற்பம் செய்ற முனுசாமி அய்யாவுக்கு 2020-ல பத்மஸ்ரீயே குடுத்தாங்க. டெல்லியில இருந்தா கலை, எங்க வீட்டுத் திண்ணையில இருந்தா உடையிற சாமான்.

"சாதித் தொழில தூக்கிப் பிடிக்கிறியா"ன்னு ஒரு தோழர் இன்பாக்ஸ்ல கேட்டிருந்தாரு. நியாயமான கேள்வி. இதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. எங்கப்பா மகனத்தான் மண்ணு மிதிக்கணும்னு நான் சொல்லல, யாரு வேணா கத்துக்கட்டும், எங்கப்பா சொல்லித் தருவாரு, சாதி கேக்க மாட்டாரு. ஆனா ஒண்ணு சொல்றேன். ஏழாவது படிக்கும்போது கையில மண்ணு காஞ்சு போயி நகத்துக்குள்ள இருந்துச்சுன்னு பின் பெஞ்சுல ஒருத்தன் "டேய் சட்டி"ன்னு கூப்பிட்டான். வருசம் முடியிற வரைக்கும் என் பேரு அதுதான். அதே வருசம் திருவிழா, எங்கப்பா அய்யனாரு முன்னாடி பரிவட்டம் கட்டி நிக்கிறாரு (எங்க பக்கம் அய்யனாருக்குப் பூசாரியும் வேளார்தான்), அந்தப் பையனோட அப்பா வரிசையில நின்னு எங்கப்பா கையால துன்னூறு வாங்குறாரு, எங்கப்பா நகத்துலயும் அதே மண்ணுதான். நான் அந்தப் பையனத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். வருசத்துல ஒரு நாளு. அந்த ஒரு நாளுக்காக எங்கப்பா மிச்ச நாளையெல்லாம் தாங்குனாரு. இப்ப அந்த ஒரு நாளுக்கும் சிமெண்டு பூசப் போறீங்க.

இந்த வருசத் திருவிழாப் பத்திரிகை ப்ரூப்ப ஒரு தம்பி அனுப்பிருந்தான். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து பத்திரிகையில "புரவி செய்து தருபவர்கள்: வேளார் வகையறா"ன்னு சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கும். கடைசிப் பக்கத்துலதான், ஒலி ஒளி அமைப்புக்கு மேல. இப்ப அந்த இடத்துல "நிரந்தரப் புரவி உபயம்"னு பெரிய எழுத்துல இருக்கு. ஒலி ஒளி அமைப்பு அப்படியே இருக்கு. அது உடையாது போல.

"இம்புட்டுப் பேசுற நீ ஏன் செய்யல"ன்னு கேப்பீங்க. கேளுங்க. நான் ஒரகடத்துல ஒரு கம்பெனியில குவாலிட்டில இருக்கேன். வர்ற பார்ட்ட தட்டிப் பாத்து, அளந்து பாத்து, சரியில்லன்னா செவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். எங்கப்பா சூளையில இருந்து எடுத்த காலத் தட்டிப் பாத்து சத்தத்துலயே சொல்லிருவாரு, உள்ள வெடிப்பு இருக்கா இல்லையான்னு. எனக்கு அது வராது. ஏன் செய்யலன்னா, வீட்டுக்கடன் இருக்கு. அதுக்கு மேல கேக்காதீங்க.

கம்மாய் மண்ணும் சும்மா கிடைக்கிறது இல்ல. மண்பாண்டம் செய்றவங்க தாசில்தார்கிட்டயே அனுமதி வாங்கிக்கலாம்னு 2024-ல அரசாங்கம் லேசாக்கிருச்சு, சந்தோசம். அந்தப் பேப்பர எடுத்துக்கிட்டு அலையிற ஆளுக்கு அறுபத்தஞ்சு வயசு, முட்டி வலி. போன மாசம் ஒரு டிராக்டர் மண்ணு அடிச்சு வச்சிட்டாரு. ஊறவும் போட்டுட்டாரு. பிடிமண்ணு வரும்னு. மேளச்சத்தம் கேக்குதா கேக்குதான்னு வாசல்ல உக்காந்திருக்காருன்னு அம்மா போன்ல சொல்லுது.

கமிட்டிக்கு நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க சிமெண்டுக் குதிரைய வச்சுக்கோங்க, கல்வெட்டு வைங்க, டைல்ஸ் ஒட்டுங்க. பிடிமண்ண மட்டும் எங்கப்பா கையில குடுங்க. ஒரே ஒரு அரண்மனைப் புரவி. கூலி ஒரு ரூபா வேணாம். பழைய பாக்கியும் வேணாம். மேளத்தோட வந்து ஒரு பிடி மண்ணக் குடுத்துட்டுப் போங்க.

எடிட்: பதிவப் போட்டு அரை மணி நேரத்துல யாரோ அப்பாகிட்ட படிச்சுக் காட்டிட்டாய்ங்க. போன் வந்துச்சு. நான் அவர் பேச்ச மீறி எழுதுனதுக்குத் திட்டுவாருன்னு நினைச்சேன், அதுக்கு இல்ல. "கூலி வேணாம்னு நீ யாருடா சொல்றதுக்கு? உமி மூட்டை என்ன விலை, விறகு என்ன விலைன்னு தெரியுமாடா உனக்கு? சாமி வேலைக்குக் கூலி வாங்கித்தான்டா செய்யணும், ஓசிக்குச் செஞ்சா அது வேண்டுதல் கணக்குலயே வராது"ன்னு ஒரு பிடி பிடிச்சுட்டாரு. அதனால அந்தக் கடைசிப் பாராவ வாபஸ் வாங்கிக்கிறேன். கூலி வேணும். பாக்கியும் வேணும்.