சாவியை விட்டுவிட்டீர்களே
ரஷ்யாவைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று சர்ச்சில் கைவிரித்ததில் பிறந்ததுதான் 'மர்மத்துக்குள் பொதிந்த புதிர்' என்ற சொற்றொடர் என உங்கள் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1939 அக்டோபர் 1 அன்று பிபிசி வானொலியில் அவர் பேசியது அதோடு முடியவில்லை, ஒருவேளை இதற்கு ஒரு சாவி இருக்கலாம், அந்தச் சாவி ரஷ்யாவின் தேச நலன் என்று அடுத்த மூச்சிலேயே சொல்லிவிட்டார். ஆகஸ்டில் ஹிட்லரின் ஜெர்மனியோடு ஒப்பந்தம், செப்டம்பர் 17-ல் போலந்துக்குள் படை என்று ஸ்டாலின் போன போக்கில் பலரும் குழம்பிக் கிடந்த நேரம் அது, அப்போது சர்ச்சில் ஒரு விடையைத் தேடிக் கொடுத்தார். அப்புறம், அன்று அவர் பிரதமர் இல்லை, கடற்படை அமைச்சர். பிரதமரானது 1940 மே மாதம். கல்லூரியில் நானும் முன்பாதியை மட்டும்தான் படித்தேன், பல வருஷம் கழித்து முழு உரையைப் படித்தபோது அர்த்தமே தலைகீழாகிவிட்டது.