ஃபோம் பேட் சோம்பேறிகளுக்கானதா?

சக்கரத்தில் மண்பாண்டம் வனைகிறவர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு. மண் உருண்டை ஒட்டி அடி செதுக்குகிறவர்தான் தொழில் தெரிந்தவர், ஃபோம் பேட் வைத்திருப்பவர் குறுக்குவழிக்காரர் என்று. எனக்கு இது சுத்தமாக ஒப்பவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வனைந்த கிண்ணம் பாதி காய்ந்து, தூக்கினால் வளையாத பதத்துக்கு வந்ததும் கவிழ்த்துவைத்து, அடியில் மிஞ்சிய மண்ணைச் சீவி எடுப்போம். அப்போது கிண்ணம் நகரக் கூடாது. அதற்காக விளிம்பைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் ஈரமண்ணை உருட்டி அழுத்துவது பழைய வழி. ஃபோம் பேட் என்றால் வட்டப் பலகையின் மேல் ஓர் அங்குலம் போல ஒட்டிய கெட்டி ஃபோம். கிண்ணத்தைக் கவிழ்த்து அடியின் நடுவில் விரலால் அழுத்தினால், விளிம்பு லேசாகப் பதிந்து நின்றுகொள்ளும்.

இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது? மண் ஒட்டினால் இரண்டு கையும் உங்கள் வசம். ஃபோமில் இடது கையின் ஒரு விரல் கடைசிவரை அடியின் மையத்தைவிட்டு எழக் கூடாது. எழுந்தால் கிண்ணம் மேடையைவிட்டுப் பறக்கும். கூடுதலாக அழுத்தினால் மெல்லிய அடி உள்வாங்கும். குறைத்தால் கருவி மண்ணில் மாட்டிக் கிண்ணத்தையே இழுத்துப் போகும். நான் அடியில் ஒரு பாட்டில் மூடியை வைத்து அதன் மேல் அழுத்துவேன். மூடி கிண்ணத்தோடு சுற்றும், விரல் அதன் மேல் வழுக்கும், மண்ணில் குழி விழாது.

கருவி மழுங்கியிருந்தால் ஃபோம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மழுங்கியதை அழுத்தித்தானே சீவ வேண்டும்? அழுத்தும்போது ஃபோம் அமுங்கும், விட்டால் எழும். சீவிய இடம் அலையலையாக நிற்கும். கூரான கருவியும் மெல்லிய சீவலும் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, மையம் பிடிக்கும் வேலையை ஃபோம் பார்த்துக்கொள்ளாது. கிஃபின் கிரிப் என்று சக்கரத்தின் மேல் பொருத்தும் ஒரு பிடிப்புக் கருவி உண்டு. அது மூன்று பக்கமும் பிடித்து மையத்தையும் தானே கொண்டுவந்துவிடும். அதை வைத்திருப்பவர்களை இவ்வளவு கேலி செய்து நான் கேட்டதில்லை! ஃபோமின் மேல் பேனாவால் வட்டங்கள் வரைந்துகொண்டால் உதவும், ஆனாலும் தட்டித் தட்டி நகர்த்துவது நம் கைதான். விளிம்பு கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் கிண்ணம் ஃபோமில் உட்கார்ந்துவிடும். அங்கேதான் ஏமாறுவோம். சாய்ந்து உட்கார்ந்தது தெரியாமல் சீவினால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து மறுபக்கம் கனத்துவிடும். அடியில் ஒரு சின்ன ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிறகு ஏன் அதையே எடுக்கிறேன்? விளிம்புக்காக. மண் ஒட்டிய இடத்தில் தழும்பு விழும், அதைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். மடிப்பு மடிப்பாக இழுத்த விளிம்பில் மண்ணை எங்கே ஒட்டுவது? ஒரே மாதிரி கிண்ணங்கள் வரிசையாக இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டே போகலாம் என்பதும் உண்டு.

உயரமான குவளை, குறுகிய வாய் ஜாடி எல்லாவற்றையும் ஃபோமில் கவிழ்க்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். அவற்றின் கழுத்தை உள்ளே இறக்கித் தாங்க மண்ணாலான ஒரு வளையம்தான் சரி. அப்புறம், வேலை முடிந்ததும் பேடைத் தட்டித் தூசி பறக்கவிடாதீர்கள். களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து வையுங்கள்.