வாத்தின் குரலும் எதிரொலிக்கும்

"வாத்து கத்தினால் எதிரொலி வராது. ஏன் என்று விஞ்ஞானிகளுக்கே தெரியாது." பொது அறிவுத் துணுக்காகப் பல வருடங்களாகச் சுற்றிவரும் இந்தச் செய்தி தவறு. ஒலி அலை எந்தத் தொண்டையிலிருந்து வந்தாலும் சுவரில் பட்டால் திரும்பத்தான் செய்யும்.

2003-இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒலியியல் பேராசிரியர் டிரெவர் காக்ஸ் இதைச் சோதித்தே பார்த்தார். டெய்சி என்ற வாத்தின் குரலை ஒலி திரும்பாத அறையிலும், அப்புறம் நன்றாக முழங்கும் அறையிலும் பதிவு செய்தார்கள். குரல் திரும்பி வந்தது.

சரி, பிறகு ஏன் பலர் நம்புகிறார்கள்? வாத்தின் குரல் கைதட்டல் போலச் சட்டென நிற்பதில்லை; மெல்லத் தேய்ந்து முடிகிறது. திரும்பிவரும் ஒலி அந்தத் தேயும் கடைசிப் பகுதியோடு கலந்து மறைந்துவிடுகிறது. மேலும், திறந்த நீர்நிலையில் ஒலியைத் திருப்ப அருகில் சுவரோ பாறையோ பெரும்பாலும் இருக்காது.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒலி நடத்தும் ஆசிரியர்கள் இதை மறுப்பதோடு நிறுத்தாமல், மாணவர்களையே செய்து பார்க்க வைக்கலாம். எதிரொலி தனியாகக் கேட்க சுமார் 0.1 விநாடி இடைவெளி வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். போய்த் திரும்ப 34 மீட்டர், அதாவது சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் விலகி நின்றால் நல்லது. முதலில் ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். அடுத்து, "ஆஆ" என்று இழுத்து மெல்லக் குறைக்கச் சொல்லுங்கள். கைதட்டலின் எதிரொலி தெளிவாகக் கேட்கும். இழுத்த குரலுடையது பிடிபடுவது கடினம்.