அடிக்குறிப்பைத் தேடிப் போகிற மாணவர்கள்

சட்டத்தையும் அரசின் கொள்கைகளையும் அலசும் ஆய்விதழ்களை மாணவர்கள் கையில் விடக்கூடாது, பேராசிரியர்களே நடத்த வேண்டும் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் சொல்கிறார். என்னால் ஏற்க முடியவில்லை.

ஹார்வர்ட் சட்டப் பள்ளியையே பாருங்கள். 1978-இல் அங்கே பழமைவாத மாணவர்கள் சட்டத்துக்கும் பொதுக் கொள்கைக்குமாக ஓர் இதழைத் தொடங்கினார்கள். 2007-இல் முற்போக்குத் தரப்பிலிருந்து 'ஹார்வர்ட் லா அண்ட் பாலிசி ரிவ்யூ' வந்தது. 2001-இல் உருவான அமெரிக்கன் கான்ஸ்டிடியூஷன் சொசைட்டி என்ற முற்போக்குச் சட்ட அமைப்பின் அதிகாரபூர்வ இதழ் அது. இரண்டுக்கும் ஆசிரியர் குழு மாணவர்கள்தான்.

இப்படிப்பட்ட இதழ்களுக்கு வரும் கட்டுரைகளைத் துறை வல்லுநர்கள் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை என்ற குறை நியாயமானதே. சரி, ஆனால் அந்த மாணவர்கள் செய்யும் இன்னொரு வேலையை நான் படித்த அந்தக் கட்டுரை தொடவே இல்லை. இதழுக்கு எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவர் காட்டும் மூல ஆவணத்தைத் தேடி எடுத்து, அதில் உண்மையில் அப்படித்தான் இருக்கிறதா என்று ஒவ்வோர் அடிக்குறிப்பாகப் பார்க்கிறார்கள். ஒரு கட்டுரையில் இருநூறு, முந்நூறு குறிப்புகள் சாதாரணம். நானும் முதுகலை படித்தபோது ஒரு சிறிய மாணவர் இதழில் இதைச் செய்திருக்கிறேன். மேற்கோள் காட்டிய அறிக்கை நேர்மாறாகச் சொல்வதைக் கண்டுபிடித்த இரவு இன்னும் நினைவிருக்கிறது.

முற்போக்கு இதழுக்கு இந்தக் கண்டிப்பு கூடுதலாகவே வேண்டும். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தச் சொல்லும் கட்டுரையில் ஓர் எண் பிசகினால், எதிர்த்தரப்பு அந்த எண்ணை மட்டும்தான் பேசும். அப்புறம் கூலியைப் பற்றி யார் பேசுவார்கள்?