சாவியைத் தர மறுத்தவன்: பில்லி வைல்டரின் படங்கள், என் வரிசையில்

ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டரின் படங்களில் எது சிறந்தது என்ற பேச்சு எழும்போதெல்லாம் பெரும்பாலான ரசிகர்கள் 'சன்செட் பொலிவார்ட்' படத்தையோ 'சம் லைக் இட் ஹாட்' படத்தையோதான் முதலில் சொல்கிறார்கள். இரண்டுமே அந்த இடத்துக்குத் தகுதியுள்ள படங்கள். ஆனாலும் என் வரிசையில் 1960-இல் வெளிவந்த 'தி அபார்ட்மென்ட்' படமே முதலில் நிற்கிறது. பணத்துக்கும் பதவிக்கும் புகழுக்கும் ஒரு சாதாரண மனிதன் தன்னை எவ்வளவு தூரம் விற்பான் என்ற கேள்வியை வைல்டர் தன் முக்கியமான படங்கள் அனைத்திலும் கேட்டார். விற்ற பிறகு அவனால் மீள முடியுமா என்பதையும் சேர்த்துக் கேட்டு, அதற்கு நம்பத்தகுந்த பதிலும் சொன்னது இந்தப் படத்தில்தான்.

வைல்டரை மனித குலத்தின் மீதே நம்பிக்கையற்றவர் என்று எழுதிவிட்டுப் போகும் விமர்சனங்களை என்னால் ஏற்க முடிவதில்லை. 1906-இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், இன்று போலந்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, வியன்னாவிலும் பெர்லினிலும் பத்திரிகை நிருபராக அலைந்து, 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பாரிஸுக்குத் தப்பி, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தவர் அவர். ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட அவருடைய தாயை நாஜிகள் கொன்றார்கள். மனிதர்கள் எந்தெந்த இடத்தில் வழுக்கி விழுவார்கள் என்பது இப்படிப்பட்ட ஒருவருக்குத் தெரியாமல் இருக்காது. அதை மறைக்காமல் காட்டியதற்காக அவரை மனிதர்களை வெறுத்தவர் என்று சொல்வது பெரிய அநியாயம்.

'தி அபார்ட்மென்ட்' படத்தை முதலில் வைப்பதற்கான காரணத்தை, அதற்கு 16 ஆண்டுகள் முந்தைய 'டபுள் இன்டெம்னிட்டி' படத்தோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டுமே காப்பீட்டு நிறுவனங்களில் நடக்கும் கதைகள். இரண்டிலும் ஃபிரெட் மெக்மரே நடித்திருக்கிறார். 1944-இல் அவர் வால்டர் நெஃப் என்னும் பாலிசி விற்பனையாளர்; ஒரு பெண்ணுக்காகவும் இழப்பீட்டுத் தொகைக்காகவும் அவளுடைய கணவனைக் கொல்லத் துணிபவர். 1960-இல் அவரே ஷெல்ட்ரேக் என்னும் உயரதிகாரி. யாரையும் கொல்லாமல், சட்டத்தின் பிடியில் சிக்காமல், கீழே வேலை செய்பவர்களின் வாழ்க்கையைத் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்பவர். பார்ப்பதற்குக் கண்ணியமான, குடும்பஸ்தர் முகம் கொண்ட அந்த நடிகரை வைல்டர் இரண்டு முறையும் அந்த முகத்துக்காகவே பயன்படுத்தினார் என்று நான் நினைக்கிறேன். இரண்டு வில்லன்களில் எனக்கு அதிகம் அச்சம் தருபவர் ஷெல்ட்ரேக்தான்.

'தி அபார்ட்மென்ட்' படத்தின் தொடக்கத்தில் அதன் நாயகன் சி. சி. பாக்ஸ்டர் தன்னைப் பற்றி எண்களாகவே சொல்லிக்கொள்கிறான். நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் 31,259 ஊழியர்கள், தனக்கு 19-ஆவது மாடி, மேசை எண் 861. கலை இயக்குநர் அலெக்சாண்டர் டிரௌனர் அந்த அலுவலகத்தை அமைத்த விதம் எத்தனை முறை பார்த்தாலும் என்னை வியக்க வைக்கிறது. பின்னால் போகப் போக மேசைகளின் அளவைக் குறைத்து, கடைசி வரிசைகளில் உயரம் குறைந்தவர்களை உட்காரவைத்து, ஸ்டுடியோவுக்குள்ளேயே முடிவில்லாத ஒரு கூடத்தை அவர் உருவாக்கினார். அந்தக் கூடத்தில் தொலைந்து கிடக்கும் ஒருவன், மேலே ஏறுவதற்காகத் தன் வீட்டுச் சாவியை அதிகாரிகளின் கள்ள உறவுகளுக்கு இரவல் கொடுக்கிறான். மழையிலும் குளிரிலும் சொந்த வீட்டுக்கு வெளியே நின்று, அவர்கள் கிளம்புவதற்காகக் காத்திருக்கிறான். மறுநாள் சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே அலுவலகம் வருகிறான்.

கிறிஸ்துமஸ் விருந்தில் வரும் கண்ணாடிக் காட்சியை விரிவாகச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிவை முடிக்க முடியாது. சில நாட்களுக்கு முன் பாக்ஸ்டர் தன் வீட்டில் ஒரு பவுடர் டப்பாவைக் கண்டெடுத்து, உள்ளே கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லி ஷெல்ட்ரேக்கிடம் ஒப்படைத்திருந்தான். அதன் சொந்தக்காரி யார் என்று அவனுக்குத் தெரியாது. இப்போது பதவி உயர்வு பெற்ற மகிழ்ச்சியில் புதிய தொப்பி ஒன்றை அணிந்து, லிஃப்ட் இயக்கும் ஃபிரான் கூபெலிக்கிடம் அது பொருந்துகிறதா என்று கேட்கிறான். அவள் தன் பவுடர் டப்பாவை எடுத்து நீட்டுகிறாள். அவன் அதைத் திறக்கிறான். விரிசலுக்கு இருபுறமும் அவன் முகம் இரண்டாகத் தெரிகிறது. கண்ணாடி உடைந்திருக்கிறதே என்று அவன் சொல்ல, தெரியும், தன் மனநிலையை அப்படியே காட்டுவதால் அது தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறாள் அவள். தான் நேசிக்கும் பெண்தான் தன் வீட்டுக்கு அதிகாரியோடு வந்துபோகிறவள் என்பது அவனுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. யாரும் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. பின்னணி இசை எதையும் அறிவிக்கவில்லை. பாக்ஸ்டராக நடித்த ஜாக் லெமனின் முகத்தில் புன்னகை வற்றுவது மட்டுமே நமக்குக் காட்டப்படுகிறது. ஷெல்ட்ரேக், பாக்ஸ்டர், ஃபிரான் மூவரின் கதையையும் ஒரு சின்னஞ்சிறு பொருளில் முடிச்சுப்போட்ட இந்தக் காட்சிக்கு இணையாக, வைல்டரும் ஐ. ஏ. எல். டயமண்டும் சேர்ந்து எழுதியவற்றில் வேறொன்றை என்னால் காட்ட முடியவில்லை.

தூக்க மாத்திரைகளை விழுங்கிய ஃபிரானைப் பக்கத்து வீட்டு மருத்துவர் காப்பாற்றி, நடந்ததற்கெல்லாம் பாக்ஸ்டர்தான் காரணம் என்று நினைத்து, இனியாவது மனிதனாக நடந்துகொள் என்று கடிந்துகொள்கிறார். கடைசியில் ஷெல்ட்ரேக் மீண்டும் வீட்டுச் சாவியைக் கேட்கும்போது, உயரதிகாரிகளின் கழிவறைச் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பாக்ஸ்டர் வேலையை விட்டு வெளியேறுகிறான். வசனமாகப் பார்த்தால் நாலு வரிதான். ஆனால் படம் முழுக்க எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ஒருவன் முதன்முறையாக முடியாது என்று சொல்வதால், அதில் ஒரு போரை வென்ற கனம் இருக்கிறது. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்றுக்கும் வைல்டர் ஒரே இரவில் ஆஸ்கர் வாங்கியது இந்தப் படத்துக்குத்தான்.

இரண்டாம் இடம் 'டபுள் இன்டெம்னிட்டி'க்கு. ஜேம்ஸ் எம். கெயினின் நாவலை ரேமண்ட் சாண்ட்லரோடு சேர்ந்து வைல்டர் திரைக்கதையாக்கினார். ஜன்னல் திரைகளின் நிழல் கம்பிகளைப் போல உடலில் விழுவதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது தீக்குச்சியை. எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த கீஸ் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு நெருப்பைத் தேடும்போதெல்லாம், நெஃப் கட்டை விரல் நகத்தால் குச்சியைக் கிழித்துப் பற்றவைக்கிறான். கடைசிக் காட்சியில் குண்டடிபட்டு வாசலில் சரிந்து கிடக்கும் நெஃபின் சிகரெட்டை கீஸ் பற்றவைக்கிறார். நெஃபுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்படும் காட்சியையும் வைல்டர் படமாக்கியிருந்தார். பிறகு அது வேண்டாம் என்று நீக்கிவிட்டார். அந்த முடிவுக்காகவே அவரை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இரண்டு ஆண்களுக்கிடையே இருந்த நட்பின் கணக்கு தீக்குச்சியிலேயே தீர்ந்துவிட்டது. ஏழு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டும் ஒரு ஆஸ்கர்கூட இந்தப் படத்துக்குக் கிடைக்கவில்லை.

'சன்செட் பொலிவார்ட்' மூன்றாம் இடத்துக்கு வருவதைப் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீச்சல் குளத்தில் மிதக்கும் பிணம் தன் கதையைச் சொல்வதும், மௌனப் படக் காலத்தின் உண்மையான நட்சத்திரமான குளோரியா ஸ்வான்சனையே மறக்கப்பட்ட நட்சத்திரமாக நடிக்கவைத்ததும், ஒரு காலத்தில் அவரை இயக்கிய எரிக் வான் ஸ்ட்ரோஹைமை அவருடைய வேலைக்காரராக நிறுத்தியதும் வேறு எந்த இயக்குநருக்கும் எளிதில் கைவந்திருக்காத துணிச்சல்கள். நார்மா டெஸ்மண்ட் தன் பழைய படத்தைத் திரையில் பார்த்துப் பூரிக்கும்போது நமக்குக் காட்டப்படுவது, ஸ்ட்ரோஹைம் ஸ்வான்சனை வைத்து இயக்கிய 'குயின் கெல்லி' படத்தின் துண்டுதான். ஆனாலும் வில்லியம் ஹோல்டன் நடித்த ஜோ கில்லிஸ் தன்னை விற்பதும் மனம் மாறுவதும் நார்மாவின் பிரம்மாண்டமான நிழலில் சற்று மங்கிவிடுகின்றன. அவளைப் பார்த்து மலைக்கிறோம். பாக்ஸ்டருக்காகப் பதறுவதைப் போல ஜோவுக்காக நான் பதறுவதில்லை.

'ஏஸ் இன் தி ஹோல்' படத்தை நான்காவதாக வைக்கிறேன். 1951-இல் வெளியானபோது அமெரிக்காவில் தோற்றுப்போய், 'தி பிக் கார்னிவல்' என்று பெயர் மாற்றப்பட்டும் கரையேறாத படம் இது. குகைக்குள் ஒருவன் சிக்கிக்கொள்கிறான். சுவர்களுக்கு முட்டுக்கொடுத்தால் ஒரு நாளுக்குள் மீட்டுவிடலாம். செய்தி பல நாட்கள் ஓட வேண்டும் என்பதற்காக, மலையின் உச்சியிலிருந்து துளையிடும் வழியைத் தேர்ந்தெடுக்கும்படி உள்ளூர் ஷெரிஃபைச் சம்மதிக்கவைக்கிறான் கிர்க் டக்ளஸ் நடித்த நிருபர் டேட்டம். முதலில் இலவசமாக இருந்த நுழைவு, வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் பெருகப் பெருகக் கட்டணமாகி, கட்டணம் ஏறிக்கொண்டே போவதை வாசல் பலகையிலேயே வைல்டர் காட்டுகிறார். பத்திரிகையாளராக இருந்தவருக்கே தெரியக்கூடிய கோபம் இந்தப் படத்தில் இருக்கிறது. ஒரு சோகத்தைச் சுற்றிக் கூட்டம் கூடும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பலகைதான் நினைவுக்கு வருகிறது.

'சம் லைக் இட் ஹாட்' ஐந்தாவது. லெமன் நிச்சயதார்த்தச் செய்தியைச் சொல்லும் காட்சியில் அவர் கையில் கிலுகிலுப்பைகளைக் கொடுத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு அவற்றைக் குலுக்கி ஆடவைத்து, அரங்கின் சிரிப்பு அடுத்த வசனத்தை விழுங்கிவிடாதபடி வைல்டர் இடைவெளி விட்டிருக்கிறார். நகைச்சுவை எழுத விரும்புகிறவர்கள் இந்த ஒரு காட்சியை மட்டும் ஊன்றிப் பார்த்தாலே போதும். நகைச்சுவை என்பதால் இதைக் கீழே இறக்கவில்லை. முதல் நான்கும் என்னை உலுக்கிய அளவுக்கு இது உலுக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து 'விட்னஸ் ஃபார் தி பிராசிகியூஷன்', சார்லஸ் லாட்டனுக்காக. அதன் பின் 'ஸ்டாலாக் 17'. 1945-ஆம் ஆண்டுக்கான சிறந்த பட ஆஸ்கரைப் பெற்ற 'தி லாஸ்ட் வீக்கெண்ட்' இவற்றுக்கும் கீழேதான். யூதர்களின் நோன்பு நாளில் அடகுக் கடைகள் எல்லாம் மூடியிருக்க, தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு குடிகாரன் தெருத் தெருவாக நடக்கும் காட்சி அபாரமானது. ஆனால் அந்த முடிவு அவன் பட்ட பாட்டுக்கு மிகவும் சுலபமாகக் கிடைத்த மருந்து. 'சப்ரினா' ஆட்ரி ஹெப்பர்னால் நிற்கிறது. 'தி செவன் இயர் இட்ச்' மர்லின் மன்றோவின் வெள்ளை உடைக்கு அப்பால் எனக்கு எதையும் தரவில்லை.

இந்த வரிசையில் எனக்கே உறுதியில்லாத இடம் 1970-இல் வந்த 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்' படத்துக்குரியது. மூன்று மணி நேரத்துக்கும் அதிகமாக ஓடக்கூடியதாக வைல்டர் எடுத்ததை இரண்டு மணி நேரச் சொச்சமாக வெட்டித்தான் வெளியிட்டார்கள். நீக்கப்பட்ட பகுதிகள் இன்றுவரை முழுமையாகக் கிடைக்கவில்லை. எஞ்சியிருக்கும் படத்திலேயே, தான் நம்பிய பெண் உளவாளி என்று அறிந்த பிறகும் அவளை வெறுக்க முடியாத ஹோம்ஸ் இருக்கிறார். அவளுடைய மரணச் செய்தி கடிதமாக வரும்போது தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். இப்போதைக்கு அதை ஆறாம் இடத்துக்கு ஏற்றி, மற்றவற்றை ஒவ்வொரு படியாகக் கீழே தள்ளியிருக்கிறேன். வெட்டி எறிந்த சுருள்கள் என்றாவது கிடைத்தால், முதல் மூன்று இடங்களைக்கூட நான் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.