பதினாறு குடம் வைத்தவன் கெட்டிக்காரனாம்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், மாடி வீட்டுப் பையன் பொது இணையத்தை இழுத்துக்கொள்வது பற்றி நடந்த சண்டையை மறுபடி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ஒரு பெரியவர் கூப்பிட்டு, "பையன் திருடவில்லையே சார், மூளையைப் பயன்படுத்தியிருக்கிறான்" என்றார். சரி, எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு வீடுகளும் சமமாகக் காசு போட்டு வாங்கிய இணையம் அது. மாடி வீட்டுப் பையன் ஒரு மென்பொருளை வைத்து ஒரே கோப்பைப் பதினாறு துண்டாக்கி, ஒரே நேரத்தில் பதினாறு இணைப்புகளில் இழுக்கிறான். நெரிசல் வந்தால், இணையத்தில் தரவைக் கொண்டுபோகும் டிசிபி என்ற விதிமுறை, இருக்கும் வேகத்தை இணைப்புகளுக்குள் ஏறக்குறையச் சமமாகப் பிரித்துவிடும். அதற்கு ஆள் கணக்கு தெரியாது, இணைப்புக் கணக்குதான். தேர்வுக்கு முந்தைய இரவு, ஒரே இணைப்பில் பாடக் காணொளி பார்த்த என் மகளுக்குப் பதினேழில் ஒரு பங்கு. படம் நின்று நின்று ஓடியது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு, கடலூர் வண்டிப்பாளையத்தில் லாரித் தண்ணீருக்கு நின்றோம். குடத்துக்கு ஒரு முறை என்று ஏற்பாடு. ஒரு வீட்டார் எட்டுக் குடங்களை வரிசையில் வைத்தார்கள். அம்மாவிடம் இருந்தது ஒரு குடம். அவள் முறை வந்தபோது லாரி கிளம்பிவிட்டது. அந்த வீட்டாரும் விதியை மீறவில்லைதான்!

"நீங்களும் அந்த மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்களேன்" என்கிறார்கள். எல்லாரும் அடக்கமில்லாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை 1986 அக்டோபரிலேயே பார்த்தாகிவிட்டது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் கூப்பிடு தூரம். அவற்றுக்கு இடையே நொடிக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட் போனது. அதன் பிறகுதான் அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன், டிசிபியில் நெரிசல் கண்டால் தானாகப் பின்வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த முறை நம் நாணயத்தை நம்பி நிற்கிறது. 1999இல் கணினி ஆய்வாளர் ஸ்டீபன் சாவேஜும் உடன் ஆய்ந்தவர்களும் அதையும் காட்டினார்கள்: வராத பொட்டலத்தை, அதாவது தரவுத் துண்டை, "வந்துவிட்டது" என்று பெறுகிறவன் பொய் சொன்னால், அனுப்பும் கணினி நம்பி இன்னும் வேகமாகக் கொட்டும். பூட்டு இல்லாத வீடு என்று கூட்டத்தில் நான் கத்தியது இதைத்தான்.

இன்னும் வேகமான இணையமாக வாங்கலாம் என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அவன் முப்பத்திரண்டு குடம் வைப்பான்.

ரவுட்டரில் வீட்டுக்கொரு வரிசை அமைக்க முடியும். ஒவ்வொரு கணினிக்கும் தனி வரிசை என்று ஜான் நேகிள் என்ற கணினிப் பொறியாளர் 1985இலேயே எழுதிவிட்டார். கூட்டத்தில் அதை நான் விளக்கியபோது செயலாளர் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றெரிச்சலாம், பின்வரிசையில் ஒரு குரல். ஒன்பது ஆண்டுகள் இந்தச் சங்கத்தின் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவன் நான்.

கணக்கு நோட்டையும் மோட்டார் அறைச் சாவியையும் இன்று காலை காவலாளியிடம் கொடுத்துவிட்டேன்.